கடலூரில் இறங்கினால் கடல் இல்லை: அங் மோ கியோவா, பொங்கோலா?

சிங்கப்பூரின் பொங்கோல் எல்ஆர்டி (இலகு ரயில்) பாதையில் கடலூர் என்று ஒரு நிலையம் இருக்கிறது. கடலோர ஊர் என்ற பொருளில் வைத்த தமிழ்ப் பெயர்தான். வீடு பார்க்கப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, பெட்டியில் உட்கார்ந்திருந்த அம்மா பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இங்கேயே இறங்கிருவோம்." இறங்கினோம். நாலு பக்கமும் அடுக்குமாடி புளோக்குகள், நடைபாதை, சைக்கிளில் பிள்ளைகள். "கடல் எங்கடா?" என்றார். வடக்கே கை காட்டினேன். அது இன்னும் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல்.

அந்தத் தூரத்துக்குள் எங்கே வீடு வாங்குவது, அல்லது வாங்காமல் இருக்கிற இடத்திலேயே இருந்துவிடுவதா என்பதுதான் ஏழு மாதமாக எங்கள் வீட்டில் பேச்சு. இதே யோசனையில் இருக்கும் குடும்பங்கள் சிங்கப்பூரில் நிறைய. அதனால் நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்ததை எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருந்தால் விடையும் வேறாக வரும்.

எங்கள் கணக்கு இது. நாங்கள் ஐந்து பேர். அங் மோ கியோவில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, 2006இல் மானியத்தோடு மறுவிற்பனையில் வாங்கியது. நான் ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் அலுவலகம் போகிறேன். மனைவி செங்காங்கில் ஒரு மருத்துவமனையில் தாதி. காலை ஏழு மணி ஷிஃப்ட் என்றால் ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மகள் உயர்நிலை இரண்டு, பள்ளி வீட்டுக்குப் பக்கத்திலேயே. மகன் தொடக்கநிலை மூன்று. அம்மாவுக்கு 71 வயது, இடது முழங்கால் சொன்னபடி கேட்காது, ஆனால் ஞாயிறு தவறாமல் லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைக்குப் போய்க் காய் வாங்கி, வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வர வேண்டும்.

நான்கு வழிகள் பார்த்தோம். அங் மோ கியோவிலேயே இருப்பது. பொங்கோலின் வடக்கு ஓரத்தில், கடலைப் பார்த்த வீடு. பொங்கோலின் நடுவில், நீர்வழிக்கும் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையத்துக்கும் இடைப்பட்ட வீடு. செங்காங்கில் ரிவர்வேல் பக்கம்.

ஐந்தாவதாகத் தெங்காவும் பேச்சில் வந்தது, அரை மணி நேரம் மட்டும். 700 ஹெக்டரில் "காட்டு நகரம்" என்று திட்டமிட்டு, 2018 நவம்பரில் முதல் பிடிஓ (பதிவு செய்தபின் கட்டித் தரும் புது வீவக) வீடுகளை விற்பனைக்கு விட்ட இடம். புத்தம் புதிது. ஆனால் நாங்கள் ஏற்கெனவே மானியம் வாங்கிய நாலறை வீட்டுக்காரர்கள் என்பதால் பிடிஓ எடுத்தால் 40,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மறுவிற்பனைத் தீர்வை கட்ட வேண்டும். மனைவியின் வேலையிடம் தீவின் மறுகோடியில். ஜூரோங் வட்டார ரயில் பாதையை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சரி, அதோடு விட்டுவிட்டோம்.

தெங்காவைத் தள்ளிய அந்த அரை மணி நேரத்தில்தான் எங்களுக்கு ஒரு விதி கிடைத்தது: இன்று திறந்திருப்பதை மட்டும் எண்ணு. வரைபடத்தில் இருப்பதற்கு மதிப்பெண் கிடையாது.

ஏன் இத்தனை கறார் என்றால், அதற்குப் பொங்கோலே சாட்சி. இன்றைக்குப் "புது ஊர்" என்கிறோம். அங்கே ஒரு காலத்தில் பன்றிப் பண்ணையும் கோழிப் பண்ணையும் மீனவர் கம்பமும் கடலுணவுக் கடைகளும்தான். 1996இல் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் "பொங்கோல் 21" திட்டத்தை அறிவித்தார். நீர்முனை நகரம், பூங்காக்கள், ரயில், எல்லாம். அடுத்த வருடமே ஆசிய நிதி நெருக்கடி வந்தது. திட்டம் படுத்துவிட்டது. முதலில் குடிபோனவர்கள் பல வருடம் புல்வெளிகளுக்கு நடுவே, கடைகண்ணி அதிகமில்லாமல் இருந்தார்கள். 2007இல் திட்டத்துக்கு மறுபடி உயிர் கொடுத்து, 4.2 கிலோமீட்டர் நீர்வழியை வெட்டி 2011 அக்டோபரில்தான் திறந்தார்கள்.

எல்ஆர்டி கதை இன்னும் சுவாரசியம். கிழக்குச் சுற்று 2005 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. மேற்குச் சுற்றையும் அதோடு கட்டிவிட்டார்கள், ஆனால் ஆள் இல்லை என்று பூட்டி வைத்து 2014 ஜூனில்தான் திறந்தார்கள். அந்தச் சுற்றில் இருக்கும் டெக் லீ நிலையத்துக்கு 2024 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டி முடித்த நிலையத்தின் கதவு திறக்கவே இருபது வருடம்! திட்டமிட்ட நகரம் என்றால் எல்லாம் வரும், பொய் சொல்ல மாட்டார்கள். எப்போது வரும் என்பதுதான் கேள்வி. அதற்குள் என் மகள் பல்கலைக்கழகம் முடித்துவிடுவாள், அம்மாவுக்கு எண்பது தாண்டிவிடும்.

அதனால் விதியை எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வைத்தோம். குறுக்குத் தீவு ரயில் பாதை அங் மோ கியோவுக்கு 2030 வாக்கிலும், அதன் பொங்கோல் கிளை 2032 வாக்கிலும் வரும் என்கிறார்கள். இரண்டுக்கும் பூஜ்யம்.

இருக்கிற வீடு

அங் மோ கியோவை விட்டுப் போவதற்குக் காரணம் தேடுவதே கஷ்டம். 1970களில் எழுந்த ஊர். ஈரச்சந்தையும் உணவங்காடி நிலையமும் எந்தப் பக்கம் நடந்தாலும் வரும். 724ஆம் புளோக் சந்தையில் மீன்காரர் அம்மாவைப் பார்த்ததும் கொடுவாவை எடுத்து வைத்துவிடுவார். பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) பஸ்ஸில் நாலு நிறுத்தம். வீட்டு வாசல் தாழ்வாரம் நீளமாக, காற்றோட்டமாக இருக்கும். அதில் அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டி பன்னிரண்டு வருடமாக நிற்கிறது. மாடி முழுக்க அதிலிருந்துதான் கிள்ளிக்கொண்டு போவார்கள், எதிர்வீட்டு மலாய் அக்கா உட்பட.

குறை என்றால் மூன்று. முதலாவது, அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை. அங் மோ கியோவிலிருந்து தேக்காவுக்கு வடக்கு-தெற்குப் பாதையில் நியூட்டன் போய், அங்கே டௌன்டவுன் பாதைக்கு மாறி அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும். வரைபடத்தில் ஒரு மாற்றம்தான். நியூட்டனில் அந்தச் சுரங்க நடையும் மின்படிகளும் அவர் முழங்காலுக்குத் தெரியும். இரண்டாவது, அவென்யூ 6 ஓரமாக நடக்கும் வடக்கு-தெற்கு வழித்தட (விரைவுச்சாலை) வேலை; சுரங்கப்பாதை முடிய இன்னும் சில வருடம் ஆகும். இரைச்சலுக்குப் பழகிவிட்டோம், தூசிக்குப் பழகவில்லை.

மூன்றாவதுதான் பெரியது, ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. எங்கள் புளோக்கின் குத்தகை 1979இல் தொடங்கியது. 99 வருடத்தில் ஐம்பதுக்குச் சற்று மேல்தான் மிச்சம். எங்களுக்கு வாழ அது தாராளம். விற்கும்போதுதான் இடிக்கும். 2019 மே முதல் உள்ள விதிப்படி, வாங்குபவர் மசேநி (மத்திய சேமநிதி) பணத்தை முழு அளவு எடுக்க வேண்டுமானால், மிச்சக் குத்தகை அவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை வர வேண்டும். முப்பது வயதுத் தம்பதிக்கு 65 வருடம் தேவை. நம் வீட்டில் அது இல்லை. அவர்கள் கூடுதல் ரொக்கம் போட வேண்டும், அல்லது வேறு வீடு பார்க்க வேண்டும். பெரும்பாலும் வேறு வீடுதான் பார்ப்பார்கள். பத்து வருடம் கழித்து இந்த வட்டம் இன்னும் சுருங்கும்.

"அரசாங்கம் இடித்துப் புது வீடு கொடுத்துவிடும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் நம்பிக்கொண்டிருக்கிறார். 2022இல் அவென்யூ 3இல் நான்கு புளோக்குகளை அப்படி எடுத்தது உண்மைதான். ஆனால் அந்தத் திட்டத்துக்குத் தகுதிபெறக்கூடியவை மொத்த வீடுகளில் 5 விழுக்காடு என்றுதான் அரசே சொல்லியிருக்கிறது. 70 வயதுப் புளோக்குகளுக்கான இன்னொரு திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. எங்கள் புளோக் அந்த வயதை எட்ட 2049 ஆகும். லாட்டரிச் சீட்டை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

கடல் தெரியும் வீடு

பொங்கோல் பாயிண்ட், நார்த்‌ஷோர் பக்கம் மூன்று வீடுகள் பார்த்தோம். அங்கே எல்ஆர்டி நிலையம் ஒன்றின் பெயரே சமுத்ரா. மலாய்ச் சொல்தான், ஆனாலும் நம் சமுத்திரத்துக்கு உடன்பிறப்பு. பதினைந்தாவது மாடி வரவேற்பறையில் நின்றால் நீரிணை, கோனித் தீவின் மரங்கள், அக்கரையில் ஜோகூர். மகன் சன்னலை விட்டு நகரவில்லை. ஏஜென்ட் ஒன்றும் பேசாமல் நின்றார். வேலையைச் சன்னல் பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊரில் கடற்கரையில் வளர்ந்தவர்கள் "கடலோர வீடு" என்றதும் அலைச் சத்தத்தை நினைத்துக்கொள்வார்கள். இது ஜோகூர் நீரிணை. அலை கிடையாது, குளம் மாதிரி கிடக்கும். எதிர்க்கரையில் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையும் துறைமுகமும். 2019 மார்ச்சில் அங்கே கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதில் ஆயிரக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டு, 111 பள்ளிகளை மூடினார்கள். அது அந்தப் பக்கத்து விபரீதம். ஆனாலும் காற்று திசை மாறும் நாட்களில் ஏதோ ரசாயன வாடை வருகிறது என்று பொங்கோல்காரர்கள் அவ்வப்போது புகார் சொல்வதுண்டு. நாங்கள் போன நாட்களில் ஒன்றும் இல்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு தடவைக்கு நாலு தடவை போய் மூச்சு இழுத்துப் பாருங்கள்.

கடல் காற்று இதம்தான். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று நேராக வீட்டுக்குள் வரும், விசிறியே வேண்டாம். கூடவே உப்பும் வரும். ஒரு வீட்டுக்காரம்மா சன்னல் கீல்களைக் காட்டினார். ஆறு வருடத்தில் எங்கள் வீட்டு நாற்பது வருடக் கீலைவிட மோசமாகத் துருவேறியிருந்தது.

கடல்மட்டம் பற்றி மகள் கேட்டாள். அவள் பாடத்தில் வருகிறது. 2100க்குள் சிங்கப்பூரைச் சுற்றிய சராசரிக் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று 2024 ஜனவரியில் வந்த தேசியப் பருவநிலை ஆய்வு சொல்கிறது. நான் முதலில் சிரித்தேன், 2100 யாருக்கு என்று. பிறகு பார்த்தால், 2021இல் தொடங்கிய 99 வருடக் குத்தகை 2120இல்தான் முடிகிறது. அதாவது கடலோர வீட்டின் கடைசி இருபது வருடத்தை யாருக்காவது விற்க வேண்டும் அல்லவா? இந்த நாடு கடலைத் தடுக்கப் பணம் செலவழிக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால் இதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பதினான்கு வயதுப் பெண் கேட்ட கேள்வி, ஏழு மாதத்தில் ஒரு ஏஜென்டும் அதைத் தொடவில்லை.

ஓரத்து வீடுகளைத் தள்ளியதற்கு உண்மையான காரணம் வேறு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு நான் தனியாகப் போய் அந்த வழியை நடந்து பார்த்தேன். புளோக்கிலிருந்து எல்ஆர்டி, எல்ஆர்டியில் பொங்கோல், அங்கே இறங்கி எம்ஆர்டி. இரண்டு எல்ஆர்டி நிரம்பி வந்தது, மூன்றாவதில் ஏறினேன். 2024 டிசம்பர் 10 முதல் பொங்கோல் கோஸ்ட் எம்ஆர்டி நிலையம் திறந்திருக்கிறது. சில புளோக்குகளுக்கு அது வரப்பிரசாதம், அந்தப் புளோக்குகளின் விலையும் அதைத் தெரிந்து வைத்திருக்கிறது. நாங்கள் பார்த்த மூன்றில் இரண்டு, எல்ஆர்டியை நம்பித்தான் இருந்தன. 2025 ஆகஸ்டில் மின்கோளாறில் செங்காங், பொங்கோல் எல்ஆர்டி முழுக்க நின்றதை நினைத்துப் பாருங்கள். அம்மாவைத் தேக்காவில் விட்டுவிட்டு அப்படி ஒரு நாள் வந்தால்?

இன்னொன்றும் பார்த்தேன். சன்னலுக்கு எதிரே காலி நிலம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். அந்த நிலத்தின் நிறத்தைப் பார்த்தால் என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும். எங்களுக்குப் பிடித்த வீட்டுக்கு எதிரே குடியிருப்பு என்று போட்டிருந்தது. நாலைந்து வருடம் பைலிங் சத்தம், அதன் பிறகு கடலுக்குப் பதில் இன்னொருவர் சமையலறை. கடல் காட்சிக்கு என்று கேட்ட கூடுதல் விலை அப்போது எங்கே போகும்?

நடுப் பொங்கோல்

வாட்டர்வே பாயிண்ட் கடைத்தொகுதிக்குப் பக்கம், பொங்கோல் எம்ஆர்டிக்கு நடை தூரத்தில் உள்ள புளோக்குகள் ஆரம்பத்தில் யாரையும் ஈர்க்கவில்லை. கடல் தெரியாது, புளோக்குக்குப் புளோக் நெருக்கம், கட்டடங்கள் எல்லாம் ஒரே அச்சு. "இதுக்கு நம்ம அங் மோ கியோவே தேவலை" என்றாள் மகள்.

ஆனால் விதியை வைத்து எண்ணிப் பார்த்தால் இங்கே எல்லாமே திறந்திருக்கிறது. ஓயசிஸ் டெரசஸில் பலதுறை மருந்தகம். 2022இல் வந்த ஒன் பொங்கோலில் உணவங்காடி நிலையம். அதற்கு முன் வெகுகாலம் இந்த ஊர்க்காரர்கள் காப்பிக்கடைகளையும் கடைத்தொகுதிகளையும்தான் நம்பியிருந்தார்கள். அங்கேயே ஐந்து மாடி வட்டார நூலகம். மகன் அதில் இரண்டு மணி நேரம் காணாமல் போனான். மனைவிக்குச் செங்காங் ஒரே நிலையம். எனக்கு ஹார்பர்ஃபிரண்ட் வரை மாறாமல் ஒரே ரயில். முன்பு பொங்கோல் முனை நிலையமாக இருந்ததால் உட்கார்ந்து போகலாம் என்பார்கள். பொங்கோல் கோஸ்ட் திறந்தபிறகு அந்தச் சலுகை ஒரு நிலையம் வடக்கே போய்விட்டது.

அம்மாவுக்கு லிட்டில் இந்தியா பத்தாவது நிலையம், மாற்றம் கிடையாது. லிஃப்ட்டில் இறங்கி, கூரை போட்ட நடைபாதையில் ஒன்பது நிமிடம் மெதுவாக நடந்து, ரயிலில் உட்கார்ந்தால் தேக்கா. பழைய ஊரைவிடத் தூரம் அதிகம், ஆனால் அவரே தனியாகப் போய் வரலாம். இந்த ஒரு வரியை நாங்கள் ஒப்பீட்டில் எழுதியே இருக்கவில்லை. நிலையங்களை விரல்விட்டு எண்ணிச் சொன்னது அவர்தான்.

வீட்டுக்குள் வந்தால் வேறு கதை. அந்த வீட்டில் சமையலறைச் சுவரை முன்பே இடித்துத் திறந்துவிட்டிருந்தார்கள். பார்க்க அழகு. சாம்பாருக்குத் தாளித்தால் சோபாவே மணக்கும். கண்ணாடிக் கதவு போட எவ்வளவு ஆகும் என்று உடனே விசாரித்தோம். வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டரும் (குண்டுக்காப்பு அறை) பரப்பளவுக் கணக்கில் சேரும், அதன் சுவரில் ஆணி அடிப்பதற்கே விதிமுறை உண்டு. ஆகவே பழைய நாலறையும் புது நாலறையும் காகிதத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றாலும் புழங்கும் இடம் குறைவு. அரிசி மூட்டை, மாவு கிரைண்டர், தீபாவளிப் பாத்திரங்கள் எல்லாம் அந்த ஷெல்டருக்குள் போய்விடும் என்று மனைவி சமாதானம் சொன்னாள்.

அப்புறம் விமானச் சத்தம். பாய லேபார் விமானத்தளம் பக்கத்தில். வேலை நாட்களில் போர் விமானம் போனால் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். 2030 தொடங்கி அந்தத் தளத்தை இடம் மாற்றுவதாக 2013லேயே அறிவித்துவிட்டார்கள். எங்கள் விதிப்படி அதுவும் பூஜ்யம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தச் சத்தம் கேட்காமலே போகலாம். வேலை நாளில் ஒரு முறையாவது போங்கள்.

அதிகம் நட்டப்படுவது மகள். பள்ளிக்கு வர சிராங்கூன் வரை ஒரு ரயில், அங்கிருந்து வட்டப் பாதையில் பீஷான், பீஷானிலிருந்து ஒரு நிலையம். 45 நிமிடம், இரண்டு மாற்றம். இப்போது எட்டு நிமிட நடை. அவளிடம் கேட்டபோது தோளைக் குலுக்கினாள். அது சம்மதமா கோபமா என்று இன்னும் புரியவில்லை. இன்னும் இரண்டு வருடம்தான் என்று நாங்கள் சொல்கிறோம், நாங்கள் நடக்கப் போவதில்லை.

தொடக்கநிலை ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் வேறு மாதிரி கணக்குப் போட வேண்டும். பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்பதால் கிடைக்கும் முன்னுரிமையைப் பயன்படுத்தினால் அந்த முகவரியில் 30 மாதம் இருந்தாக வேண்டும். இளம் குடும்பங்கள் நிறைந்த ஊர், பாலர் பள்ளி இடத்துக்கே போட்டி உண்டு. பள்ளியிலேயே தமிழ் வகுப்பு நடக்கிறதா, வேறு நிலையத்துக்குப் போக வேண்டுமா என்பதையும் நேரில் கேட்டுவிடுங்கள்.

செங்காங்

செங்காங்கைப் பற்றிக் குறைவாகத்தான் எழுதுகிறேன். அது மோசம் என்பதால் இல்லை. ரிவர்வேல் கிரசென்டில் அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் இருக்கிறது, மனைவி வேலைக்கு நடந்தே போகலாம், பொங்கோலைவிடச் சற்று முந்தி எழுந்த ஊர் என்பதால் கடைகளும் பழகிய முகங்களும் கூடுதல். நாங்கள் பார்த்த நல்ல வீடுகள் எல்லாம் எல்ஆர்டியில் மாட்டின. எம்ஆர்டிக்கு நடக்கும் தூரத்தில் ஒன்று இருந்தது. பிடித்தும் இருந்தது. அதை வாங்க முடியவில்லை.

காரணம் இன ஒருங்கிணைப்புக் கொள்கை. இதைத் தெரியாமல் வீடு பார்க்கப் போகும் நம்மவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். 1989 முதல் ஒவ்வொரு வீவக புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு. இந்தியர், பிறர் என்ற பிரிவுக்கு வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. அந்தப் புளோக்கில் நம் பிரிவு நிரம்பிவிட்டால், அதே பிரிவைச் சேர்ந்த ஒருவர் விற்றால்தான் நாம் வாங்க முடியும். செங்காங் வீட்டில் விற்றவர் சீனர், எங்கள் பிரிவு நிரம்பியிருந்தது. அவருக்கும் வருத்தம், எங்களுக்கும் வருத்தம்.

வாங்கும்போது இது தெரிந்துவிடும். விற்கும்போது வரும் மறுபக்கத்தைத்தான் பலர் யோசிப்பதில்லை. புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால், இந்தியரான நாம் நம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருபவர்களில் பெரும்பகுதி அப்படியே போய்விடும், விலையும் இறங்கும். வரம்பு நிலவரம் மாதாமாதம் முதல் தேதி புதுப்பிக்கப்படுகிறது, வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டாலே தெரியும். நாங்கள் பிடித்த வீடுகளின் புளோக்குகளை மூன்று மாதம் தொடர்ந்து பார்த்தோம். எங்கள் அங் மோ கியோ புளோக்கையும்தான். அதில் இரண்டு மாதம் சீனர் வரம்பு நிரம்பியிருந்தது, மூன்றாவது மாதம் திறந்தது. அந்த மாதம்தான் விளம்பரம் போட்டோம்.

பணம்

நடுப் பொங்கோலில் நாலறைக்கு ஆறு லட்சம் வெள்ளிக்குக் கீழே எங்களுக்கு ஒன்றும் அமையவில்லை. கடலோரம் பிடித்த வீட்டுக்கு அதற்கும் மேலே கேட்டார்கள். அம்மா எங்களோடு இருப்பதால் அருகாமை வீட்டு மானியம் 30,000 வெள்ளி கிடைக்கும். பெற்றோரோடு சேர்ந்து வாழாமல் நாலு கிலோமீட்டருக்குள் இருந்தால் 20,000. மறுவிற்பனை வீடு என்பதால் முன்பு சொன்ன தீர்வை கிடையாது. மதிப்பீட்டுக்கு மேல் கேட்கும் தொகையை ரொக்கமாகத்தான் தர வேண்டும், மசேநியையோ கடனையோ தொட முடியாது. புது வீடு கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் பழையதை விற்றுவிடவும் வேண்டும். குத்தகை தேய்ந்த வீட்டை அவசரத்தில் விற்பது எப்படி இருக்கும் என்று யோசித்து, முதலில் எங்கள் வீட்டுக்கு ஆள் பிடித்த பிறகே பொங்கோல் வீட்டுக்கு விலை பேசினோம். வாங்கியவர்கள் ஐம்பது தாண்டிய தம்பதி. மசேநிக் கணக்கு அவர்களுக்குச் சரியாக வந்தது.

ஆக, நடுப் பொங்கோல். பதினோராவது மாடி, குத்தகை 2013இல் தொடங்கியது. கடல் தெரியாது. சமையலறைச் சன்னல் வழியாக நீர்வழியின் ஒரு துண்டு தெரியும், அதுவும் எதிர்ப்புளோக்கின் இடுக்கில். பிள்ளைகளுக்குக் கடல் வேண்டுமென்றால் சைக்கிளில் போய் வரட்டும்.

வீட்டை நமக்கென்று பிடித்துவைக்கும் ஆப்ஷனுக்கு ஆயிரம் வெள்ளி கொடுத்து இன்று ஒன்பதாவது நாள். முடிவு சொல்ல 21 நாள் அவகாசம். போன சனிக்கிழமை இரண்டாவது முறை பார்க்கப் போனபோது அம்மா தையல் டேப்பை எடுத்து வந்திருந்தார். வீட்டுக்குள் எதையும் அளக்கவில்லை. வாசலில் குனிந்து தாழ்வாரத்தின் அகலத்தை அளந்தார். தீயணைப்பு விதிப்படி நடக்க 1.2 மீட்டர் விட்டாக வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். விட்டதுபோக மிச்சம் 38 சென்டிமீட்டர். அங் மோ கியோ தொட்டியின் வாய் 45.

சின்னத் தொட்டி வாங்க ஞாயிற்றுக்கிழமை தேக்கா போகிறார்.